எலி மருந்தும் முறிமருந்தும்

1933 பிப்ரவரியில், கொட்டும் பனியில், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் உயிர்வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்வகத்துக்குப் பால் கேனில் உறையாத மாட்டு ரத்தத்தைக் கொண்டுவந்தார். பூஞ்சை பிடித்த தீவனத்தின் வேலை. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகி, 1954இல் மனிதருக்கும் வந்தது. முறிமருந்து கையிலிருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது என்பேன்: 1951இல் வார்ஃபரினை விழுங்கிய அமெரிக்க ராணுவத்தவர் ஒருவர் வைட்டமின் கே-யால் பிழைத்தார்.

ஆனால் வைட்டமின் கே வேலைசெய்ய மணிக்கணக்காகும். மூளை ரத்தக்கசிவு காத்திருக்காது. பிளாஸ்மா போதாதா? அதை உருக்கி, ரத்த வகை பார்த்து, நிறைய ஏற்றவேண்டும். பலவீனமான இதயம் திணறும். ஹீமோபிலியா பி நோயாளிகளுக்கென வந்த உறைகாரணிச் செறிவு, 2, 9, 10ஆம் காரணிகளோடு சில வகைகளில் 7ஆம் காரணியையும் சிறு கன அளவுத் திரவத்திலேயே தருகிறது. ரத்தக்கட்டு அபாயம் உண்டென்ற ஆட்சேபம் நியாயமே. அதனால்தான் அவசரத்துக்கு மட்டும். அமெரிக்கா நான்கு காரணிச் செறிவுக்கு ஒப்புதல் தந்தது 2013இல்தான்.