கூடங்குளம் அணுமின் நிலையம்: போர்க்காலப் பாதுகாப்பு

திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது கூடங்குளம் அணுமின் நிலையம். இதை அமைப்பதற்கான உடன்படிக்கையில் ராஜீவ் காந்தியும் சோவியத் அதிபர் கொர்பச்சேவும் 1988 நவம்பர் 20 அன்று கையெழுத்திட்டனர். அடுத்த 41ஆம் நாள், டிசம்பர் 31 அன்று, ஒன்றன் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஈராக்கின் ஒசிராக் உலையை இஸ்ரேலிய விமானங்கள் 1981இல் குண்டுவீசித் தகர்த்திருந்த காலம் அது.

ஒப்பந்தம் 1991 ஜனவரி 27இல் நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியன்று தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை அட்சரேகை, தீர்க்கரேகையோடு இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்கு அடுத்த புத்தாண்டிலும் அது நிற்கவில்லை. பேச்சே நின்றுபோன ஆண்டுகளிலும் அந்தத் தாள் கைமாறியது சாதாரணக் காரியமல்ல.

ஆயினும் ஒப்பந்தத்தின் எல்லை குறுகியது. உலை, எரிபொருள் ஆலை, கிடங்கு போன்றவற்றை அது பெயர் சொல்லிக் காக்கிறது. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளைச் சொல்லவில்லை. உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் கோல்களில் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க நீர் ஓட வேண்டும், நீரை ஓட்டப் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கமும் சுனாமியும் அந்த மின்சாரத்தை அறுத்தன. மூன்று உலைகள் உருகின. அதைக் கண்ட பின்தான் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்களின் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் பெரிதானது. உலை பாதுகாப்பானதா என்ற அவர்களின் கேள்வி அறியாமையில் பிறந்ததல்ல.

அந்த அறுப்பைப் போரும் செய்யும் என்பதை உக்ரைன் காட்டியது. 2022 மார்ச் 4 அன்று சப்போரிசியா நிலையம் ரஷ்யப் படையின் கைக்குப் போனது. பிறகு பலமுறை வெளிமின்சாரம் முற்றிலும் நின்று, டீசல் ஜெனரேட்டர்களே காப்பாற்றின. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து, குளிர்விப்பு நீருக்கு ஆதாரமான நீர்த்தேக்கமும் வற்றியது. சப்போரிசியாவின் ஆறு உலைகளும் கூடங்குளத்தில் ஓடும் இரண்டும் விவிஇஆர்-1000 என்ற உலைக் குடும்பத்தவை. கூடங்குளத்தின் வடிவமைப்பு பிந்தியது. மின்சாரமே இல்லாமல் இயற்கைக் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும், உருகிய எரிபொருளைத் தாங்கும் கலமும் இதில் உண்டு.

2019இல் கூடங்குளத்துக்குத் தாக்குதல் வேறு வழியில் வந்தது. நிலையத்தின் நிர்வாக வலைப்பின்னலோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் வெளித்தொடர்பு அற்றவை, அவை பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கியது. ஈரானின் நட்டான்ஸ் ஆலையிலும் கணினிகள் வெளித்தொடர்பு இல்லாமல்தான் இருந்தன. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அவற்றுக்குள்ளும் நுழைந்திருந்தது.