செட்டிநாட்டுக் கதவும் தோட்டத்துக் காண்டாவும்

லாபிஸ்காரர்கள் ஜொகூர் பாரு போய்க் கடற்பாலத்தைத் தாண்டினால், சிங்கப்பூர் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்க்கலாம். 2015இல் திறந்தது, நான்கு மாடி. அங்கே நின்று பார்க்க வேண்டியது 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு வாசல். அதன் நிலையிலும் கதவிலும் சுமார் 5,000 நுண்சிற்பங்கள்!

சரி, அந்தக் கதவு யாருடையது? கடல் கடந்து பொருள் சேர்த்த வணிகக் குடும்பத்தின் கதவு. தோட்டத்து லயத்தில் அப்படிக் கதவு ஏது?

கிம்மாஸ் – ஜொகூர் பாரு ரயில்பாதை 1909இல் முடிந்தது. லாபிஸ் அந்த வழியில்தான் இருக்கிறது. 1923இல் பாலத்தில் ரயில் ஓடும்வரை பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் நீரிணையைக் கடத்தினார்கள். அந்தப் பெட்டிகளில் போனது ரப்பர். மரம் சீவியவர்களில் பலர் தமிழர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது; கங்காணி ஆள்சேர்ப்போ 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை நீடித்தது. சிங்கப்பூரின் செழிப்பில் இவர்கள் வியர்வையும் உண்டு. ஆகவே அந்த நகரத்தின் வரலாறு பாதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கிடக்கிறது என்பது மிகையல்ல.

கிடக்கிறது என்பதுதான் வேதனை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் சீவுளி, மங்கு, பால்வாளி சுமந்த காண்டா எல்லாம் பழைய இரும்புக்காரரிடமும் அடுப்பிலும் போய்ச் சேர்ந்தன. மிச்சம் பின்கட்டில் கறுத்துக் கிடக்கிறது. அவற்றை மாட்ட ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறைச் சுவர் போதும். எது எதற்கு என்று எழுதிவைக்க, அவற்றைப் பிடித்த கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.