தண்ணீரில் வண்டியை இறக்கினீங்களா? சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஹப்பைப் பாருங்க!

தென்பெண்ணை ஒரு பக்கம், கெடிலம் மறுபக்கம் என இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது கடலூர் மாவட்டத்தின் அண்ணாகிராமம் ஒன்றியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டதை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அந்த மாதிரி நாள்களில் டிராக்டர், ஜீப், பைக் எல்லாமே தண்ணீரில் இறங்கித்தான் ஏறுகின்றன. கரையேறியதும் ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில், செல்ஃப் என்று பதறிப்போய்ப் பார்ப்போம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மட்டும் யாரும் கண்டுக்கறதில்லை.

ஹப்புக்குள் பேரிங், அதைச் சுற்றி கிரீஸ், வெளியே ரப்பர் ஆயில் சீல். 'சீல் இருக்கே, தண்ணி எப்படிப் போகும்?' என்று கேட்கலாம். சூடுதான் காரணம் பாஸ். பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டி வந்த ஹப் 80 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி தண்ணீரில் அது இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிரும். அழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறையும். சிரிஞ்ச் மாதிரி, சீல் ஓரமாகத் தண்ணீரை ஹப்பே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அவசரம் இல்லை என்றால், தரைப்பாலத்தில் இறங்கும் முன் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

உள்ளே போன தண்ணீர் உடனே ஒன்றும் காட்டாது. கிரீஸோடு கலந்து அதைப் பால் நிறமாக்கும். வண்டி சும்மா நிற்கும் நாள்களில் உருளைகளில் துரு பிடிக்கும். வாரங்கள் கழித்துத்தான் 'ஊஊ' என்று முனகல் கேட்கும். அதற்குள் பேரிங் போயே போச்சு. கரும்பு லோடோடு நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற டிரெய்லரில் பேரிங் சிதைந்தால் சக்கரமே கழன்று ஓடலாம். பின்னால் பைக்கில் வருகிறவரை நினைத்துப் பாருங்க.

எனவே, ஹப் மூழ்கியிருந்தால் ஒரு வாரத்துக்குள் சோதிச்சிடுங்க. பக்காவா ஜாக்கி போட்டு, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். லொடலொடப்பு தெரிந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ நேரே மெக்கானிக்கிடம்தான். டிராக்டர் முன்சக்கரம், டிரெய்லர், பழைய ஜீப் என்றால் பெரும்பாலும் கூம்பு உருளை பேரிங் இருக்கும். லொடலொடப்பு இல்லாவிட்டாலும் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, புது கிரீஸ் வைக்கலாம். உருளைகளுக்கு இடையில் கிரீஸ் முழுதாகப் புக வேண்டும். ஹப் குழியையோ பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், சூடாகிச் சீலைத் தள்ளிவிடும். பழைய கிரீஸ் மேலேயே வேறு வகையை அப்பாதீங்க. ஒன்றோடொன்று சேராத வகைகள் இளகி ஓடிவிடும். பைக்கிலும் இப்போதைய கார்களிலும் பேரிங்கே சீல் போட்டு வரும், கெட்டால் மாற்றுவது ஒன்றே வழி.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் ஆக்ஸில் மேலே இருக்கும் பிரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் அங்கேயும் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ரீல்ஸ் எடுக்க வண்டியை இறக்குகிறவர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: உப்புத் தண்ணீர் ரொம்ப சீக்கிரம் அரிக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் கன்னை ஹப் சீல் மேல் நேராக அடிக்க மட்டும் விடாதீங்க. வெள்ளம் செய்யாத வேலையை அந்தப் பிரஷர் செஞ்சுடும்.

ஹப்பைத் திறந்தால் சீல் புதுசு போடச் சொல்லுங்க, பேரிங்கைவிட விலை குறைவுதான். நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் புதுசாத்தான் இருக்கணும். பழையதை நிமிர்த்தித் திரும்பப் போட்டால், பக்கத்திலேயே நின்று மாற்றச் சொல்லுங்கள்.