கல்லிலிருந்து உலாவித் திரைக்கு: வேலூர் வட்டாரச் சாசனங்களும் உருமாற்றப் பிழைகளும்

வேலூர் லாங் பஜார் கடைவீதிக்கு அண்மையில் அகழி சூழ நிற்கும் கோட்டைக்குள் அமைந்த ஜலகண்டேசுவரர் கோயிலின் சாசனங்களையும், அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், இன்று தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்ற ஆம்பூரில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களையும் ஆராய்வோரில் மிகப் பலர், கல்லின் முன் நின்று படித்தவர்கள் அல்லர். கல்லின்மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் மைப்படியையும் அச்சு நூலையும், அண்மைக் காலத்தில் கணினித் திரையையும் நம்பியே படித்தவர்கள். ஆகவே, கல்லெழுத்து ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்கு மாறும்போது நேரும் பிழைகளின் வரலாறு, இவ்வட்டார வரலாற்று எழுத்தின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

1886இல் சென்னை மாகாணத்தில் கல்வெட்டாய்வாளராகப் பணியேற்ற ஜெர்மானியர் ஓய்கன் ஹூல்ச், மாமல்லபுரம், காஞ்சிபுரம், வடஆர்க்காடு மாவட்டம் ஆகிய இடங்களில் 1886-87இல் பெரும்பாலும் திரட்டிய சாசனங்களைத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியாக 1890இல் வெளியிட்டார். வேலூர், விரிஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் சாசனங்களும், வேலூர்த் தலைவர் சின்ன பொம்மு நாயக்கரைக் குறிப்பிடும், கோட்டைக் கோயில் தொடர்பான சாசனங்களும் முதன்முதலாக இத்தொகுதி வழியாகவே பரவலான வாசிப்புக்கு வந்தன. வழிபாடு நின்றுபோயிருந்த அக்கோயிலில் இலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது 1981இல்தான் என்பதை எண்ணினால், நடுவில் கடந்த நீண்ட காலத்தில் அதன் பழைய வரலாற்றைத் தாங்கி நின்றவற்றுள் இவ்வச்சுப் பக்கங்களும் அடங்கும் என்பது விளங்கும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில், நுளம்பனின் படை ஆமையூரைத் தாக்கியபோது வீழ்ந்த வீரர்களைக் குறிக்கும் ஆம்பூர் நடுகற்கள் இரண்டையும் ஹூல்ச் பின்னர் ‘எபிகிராபியா இண்டிகா’ நான்காம் தொகுதியில் பதிப்பித்தார்.

அச்சுக்கு வந்தபோதே ஒரு சிக்கல் எழுந்தது. சிதைந்தும் ஓரளவு படிக்கக்கூடிய எழுத்தை இந்தியக் கல்வெட்டுப் பதிப்புகள் சதுர அடைப்புக்குள் இட்டன. பதிப்பாசிரியர் தாமாகச் சேர்த்த எழுத்துக்கு அடைப்புடன் உடுக்குறியையும் இணைத்தன. ஐரோப்பியப் பாப்பிரஸ் ஆய்வாளர்கள் 1931இல் லைடன் நகரில் வகுத்த மரபிலோ, அதே சதுர அடைப்பு, முற்றிலும் அழிந்துபோய் ஆய்வாளர் ஊகத்தால் நிரப்பிய பகுதியைக் குறித்தது. ஒரே குறி ஒரு மரபில் ‘மங்கலாகத் தெரிகிறது’ என்றும் மற்றதில் ‘கல்லில் இல்லை’ என்றும் பொருள்பட்டதால், மரபு அறியாத வாசகர் ஊகத்தைச் சான்றாகவோ சான்றை ஊகமாகவோ கொள்ளும் நிலை உண்டாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க உதவியது எக்ஸ்எம்எல். 1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட இம்முறையில், உரையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை விடுத்து, அது என்ன என்பதே ஒட்டுக்குறிகளால் சொல்லப்படுகிறது. ‘இது அழிந்தது, நிரப்பப்பட்டது’, ‘இது தெளிவற்றது’ என்று காரணமே பதிவாகிறது. இதைக் கல்வெட்டுகளுக்குப் பொருத்திய எபிடாக் முறையில், 2019இல் ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நிதியுடன் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்ச் சாசனங்கள் உள்ளிட்ட தென்னாசிய, தென்கிழக்காசியச் சாசனங்களைக் குறியிட்டுள்ளது.

காரணத்தை மட்டும் சுமக்கும் கோப்பை வாசகர் படிக்கும் பக்கமாக மாற்றுவதற்கென ஜேம்ஸ் கிளார்க் பதிப்பித்து 1999 நவம்பரில் பரிந்துரையான மொழியே எக்ஸ்எஸ்எல்டி. இம்மொழியில் எழுதப்படும் ஸ்டைல்ஷீட், அதாவது வடிவமைப்புத் தாள், இன்ன குறி வந்தால் இன்ன அடைப்பை இடுக என்னும் வார்ப்புருக்களின் தொகுப்பாகும். உலாவிகளில் இதன் வாழ்வு தொடக்கத்திலேயே இடறியது. 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, மொழி இறுதிபெறும் முன்பே அதன் வரைவொன்றைப் பின்பற்றியதால், அவ்வரைவுக்கு எழுதிய தாள்களை இறுதி மொழிக்கு ஏற்பத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

உலாவியில் இவ்வுருமாற்றம் தவறும்போது பிழைகளைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காண வேண்டியது, கோப்பு எக்ஸ்எம்எல் இலக்கணத்துக்கு உட்பட்டதா என்பது. முதல் வரியின் அறிவிப்புக்கு முன் வெற்று வரி ஒன்று இருந்தாலும், எச்டிஎம்எல்லில் இடைவெளிக்கு வழங்கும் ‘என்பிஎஸ்பி’ குறியீட்டை விளக்கமின்றி இட்டாலும் உலாவி படிப்பதை நிறுத்திவிடும், ஆனால் பயர்பாக்ஸ் வரி எண்ணையும் இடத்தையும் காட்டிவிடுவதால் இது எளிதில் தீரும். அடுத்தது, தாள் உலாவியை எட்டியதா என்பது. இணையத்தில் செம்மையாகத் தெரியும் சாசனம், அதே கோப்பைச் சொந்தக் கணினியிலிருந்து திறந்தால் தெரியாமல் போவதற்குக் காரணம், உள்ளூர்க் கோப்பு ஒன்று மற்றொன்றை அழைப்பதை குரோம் பாதுகாப்புக் கருதித் தடுப்பதும், 2019இல் வந்த பயர்பாக்ஸ் 68ஆம் பதிப்பு அதே கட்டுப்பாட்டை ஏற்றதுமேயாகும். மூன்றாவது, மொழியின் பதிப்பு. 2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0ஐ உலாவிகள் ஏற்கவே இல்லை என்பதால், அதன் வசதிகளைச் சார்ந்த கல்வெட்டுத் தாள்கள் உலாவியில் இயங்குவதில்லை.

இவையெல்லாம் தம்மை வெளிக்காட்டும் பிழைகள். வரலாற்றாய்வுக்குக் கேடானவை, பிழை என்ற அறிவிப்பே இல்லாமல் நேர்பவை. எபிடாக் கோப்பின் குறிகள் அனைத்தும் டிஇஐ என்ற பெயர்வெளிக்கு, அதாவது குறிப்பெயர்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கக் காட்டப்படும் தனி எல்லைக்கு, உட்பட்டவை. தாளில் அப்பெயர்வெளியை அறிவிக்க மறந்தால் எந்த வார்ப்புருவும் பொருந்தாது; அப்போது மொழியின் இயல்பு விதி தலையிட்டு, குறிகளைக் களைந்து எழுத்தை மட்டும் கொட்டிவிடும். கல்லில் உள்ளதும் ஆய்வாளர் ஊகித்ததும் பதிப்புக் குறிப்புகளும் ஒரே நிறத்தில், ஒரே தொடராக, உறுதியான பாடம் போலத் திரையில் நிற்கும். சொல்லின் நடுவே வரி முடிவது கல்லெழுத்தில் இயல்பு. ‘சொல் தொடர்கிறது’ என்ற குறிப்பைத் தாள் மதிக்காவிட்டால் ஓர் ஊர்ப் பெயரோ ஆட்சியாண்டோ இரு சொற்களாகப் பிளந்து, தேடுவோர் கண்ணில் படாமலே மறையும். உளி தவறவில்லை, மைப்படி தவறவில்லை, பதிப்பாசிரியரும் தவறவில்லை. இருந்தும் ஆம்பூர் நடுகல் ஒன்றின் பாடம் வாசகரிடம் திரிந்தே சேரக்கூடும்.

எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை உலாவியிலிருந்து நீக்கும் திட்டத்தை குரோம் 2025இல் அறிவித்திருப்பதால், உருமாற்றத்தை வாசகரின் உலாவியிடம் ஒப்படைக்கும் வழக்கம் முடிவை நெருங்குகிறது. தமிழ்க் கல்வெட்டுகளை மின்பதிப்பாக்கும் நிறுவனங்கள் சாக்சன் போன்ற செயலிகளால் முன்னரே உருமாற்றி, விளைவை மைப்படியோடு வரிவரியாக ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே வெளியிட வேண்டும். மூல எக்ஸ்எம்எல் கோப்பையும் அதனுடன் வைத்து, ஐயம் கொள்ளும் வாசகர் தாமே திறந்து பார்க்க வழிசெய்ய வேண்டும்.