அடைக்கலமும் ஒரு மருந்தா?

1/ அரியலூர் பக்கம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீங்க. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுப்பியது. ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அடைக்கலம், காவல்: ரெண்டும் ஒரே பொருள்தான்.

2/ அரியலூர் மழவராயரின் ராஜபிளவையை முனிவர் குணப்படுத்தினார் என்பது ஊர் வழக்கு. பிளவை கண்ணுக்குத் தெரியிற புண். மனசுக்குள்ள இருக்கிற புண்ணுக்குக் கோயில் என்ன செய்யும்?

3/ ஒரு வரலாற்றுத் தகவல். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் திறந்த மனநல மருத்துவமனைக்கு அன்றைய பெயர் 'லூனாடிக் அசைலம்'. அசைலம்னா அடைக்கலம்! நம்ம துறையே அந்தச் சொல்லில் தொடங்கியதுதான்.

4/ 1961-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் ஒரு புத்தகத்தில் இதைப் பேசினார். மனநல ஆலோசனைக்கும் சமயவழி குணமாக்கலுக்கும் நாலு விஷயம் பொது என்றார்: நம்பக்கூடிய ஒருவர், தனியான ஓர் இடம், துன்பத்துக்கு ஒரு விளக்கம், சேர்ந்து செய்யும் ஒரு சடங்கு.

5/ நம்ம ஊர் ஆதாரமும் இருக்கு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டது. மருந்து இல்லை, பேயோட்டல் இல்லை. காலையில் சின்ன பூஜை, பிறகு கூட்டுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது. சராசரியா ஆறு வாரம். நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20% குறைந்தது.

6/ அவசரப்படாதீங்க. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. 20% குறைந்ததுன்னா மீதி நோய் அப்படியே இருக்குன்னும் அர்த்தம்.

7/ மறுபக்கம்: 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் காப்பகக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியல. 28 பேர் இறந்தாங்க. குணமாக்கும்னு நம்பித்தான் குடும்பங்கள் அங்கே விட்டுட்டுப் போனது. சங்கிலி வந்துட்டா அது அடைக்கலம் இல்லை, சிறை.

8/ அதே ஏர்வாடியில் பின்னாளில் 'தவா-துவா' திட்டம் வந்தது. தவா மருந்து, துவா பிரார்த்தனை. தர்காவுக்கு வர்றவங்களை விரட்டாமல், மனநல மருத்துவர் அங்கேயே பார்க்கிறார்.

9/ அதனால மாதா கோயிலோ தர்காவோ குணசீலமோ, தாராளமா போங்க. மூணு விஷயம் மட்டும் கேளுங்க: மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்களா? கட்டிப் போடுறாங்களா? வீட்டு ஆளைக் கூட இருக்க விட மாட்டேங்கிறாங்களா? ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு பதில் வந்தாலும் கூட்டிட்டு வந்துடுங்க.

10/ உதவிக்கு அரசின் டெலி மானஸ்: 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.