ஏதென்ஸ் மாத்திரை எங்கே போச்சு?

இன்னைக்கு எபிசோடு ஒரு மாத்திரை டப்பா நாடு விட்டு நாடு போன கதை.

1957-ல் ஆறு நாடுகள் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகின்றன. உறுப்பு நாடுகளுக்குள் சரக்கு தடையில்லாமல் போய் வரணும் என்பது அதன் அடிப்படை. மருந்தும் சரக்குதான். ஆனால் அந்த மருந்துக்கு என்ன விலை என்பதை ஒவ்வொரு அரசும் தனித்தனியாகவே முடிவு செய்தது. இன்னைக்கும் அப்படித்தான். நான் கோட் எழுதுற ஆள். ரெண்டு ரூல் தனித்தனியா ஒழுங்கா ஓடும், சேர்த்து ஓட்டினா பக் வரும். இது அந்த மாதிரிதான்.

அந்த பக்கில் காசு பார்த்தவங்க வியாபாரிகள். நெக்ராம்னு சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு மருந்து. காப்புரிமை ஸ்டெர்லிங் டிரக் நிறுவனத்திடம் இருந்தது. பிரிட்டனில் அதன் விலை, நெதர்லாந்து விலையில் ஏறக்குறைய பாதி. சென்ட்ராஃபார்ம் என்ற டச்சு நிறுவனம் பிரிட்டனில் வாங்கி நெதர்லாந்தில் விற்றது. ஸ்டெர்லிங் வழக்குப் போட்டது.

1974 அக்டோபர் 31-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஓர் உறுப்பு நாட்டில் நீங்களே விற்ற மருந்து இன்னொரு உறுப்பு நாட்டுக்குள் வருவதை, காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது. விலை வித்தியாசத்துக்கு அரசின் விலைக் கட்டுப்பாடு காரணமா இருந்தாலும் பதில் அதேதான்.

அதுக்கப்புறம் இது ஒரு தனித் தொழிலாவே வளர்ந்தது. விலை குறைந்த நாட்டில் வாங்கு, அட்டையை மாற்று, உள்ளூர் மொழியில் விளக்கச் சீட்டு வை, விலை அதிகமான நாட்டில் வித்துடு. போலி மருந்து இல்லை, கடத்தலும் இல்லை. எல்லாமே சட்டப்படி!

இப்போ கிரீஸுக்கு வருவோம். அங்கே மருந்து விலை ரொம்பக் குறைவு. மொத்த வியாபாரிகள் வாங்கி ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பினாங்க. 2000 நவம்பரில் கிளாக்ஸோ நிறுவனம் அவங்களுக்குச் சப்ளையை நிறுத்தியது. ஒற்றைத் தலைவலி, வலிப்பு, ஆஸ்துமா என மூன்று நோய்களுக்கான மருந்துகள். வழக்கு எட்டு வருஷம் இழுத்தது. 2008 செப்டம்பர் 16-ல் தீர்ப்பு: சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம், ஏற்றுமதியைத் தடுப்பதற்காக வழக்கமான ஆர்டரை மறுக்கக் கூடாது. அளவுக்கு மீறிய ஆர்டரை மறுக்கலாம்.

அடுத்து கிரீஸின் கடன் நெருக்கடி வந்தது. அரசு மருந்து விலையை இன்னும் குறைத்தது. பாக்கிப் பணம் வரலைன்னு சில நிறுவனங்கள் சப்ளையைக் குறைத்தன. விலை குறையக் குறைய, இருக்கிற மருந்தை வெளியே அனுப்பினா லாபம் அதிகம். கடைசியில் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, சில மருந்துகளை ஏற்றுமதி செய்ய கிரேக்க அரசே தடை போட்டது. எந்தக் கதவைத் திறந்து வைக்கத்தான் ஐரோப்பா சேர்ந்ததோ, அதே கதவை மூட வேண்டி வந்தது.

இதைப் படிக்க ஆரம்பிச்சப்போ நான் மருந்து கம்பெனியைத்தான் வில்லன்னு நினைச்சேன். முடிக்கும்போது அவ்வளவு சுலபமா சொல்ல முடியல. ஜெர்மன் நோயாளிக்குக் கொஞ்சம் விலை குறைஞ்சது, நடுவில் வியாபாரிக்கு லாபம் கிடைச்சது. ஏதென்ஸ்ல ஒருத்தருக்கு மாத்திரையே கிடைக்காம போச்சு. எல்லையை மட்டும் ஒன்னாக்கி விலையைத் தனித்தனியா விட்டா, சரக்கு காசு இருக்கிற பக்கம்தான் போகும். மருந்தும் அப்படித்தான் போச்சு.