ஹெரால்டு காரின் முன்புறத் தகடுகள்

டிரையம்ப் ஹெரால்டு என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959 முதல் 1971 வரை தயாரித்த சிறிய கார் ஆகும். இதே கார் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. இதன் பானட் மற்றக் கார்களில் உள்ளது போன்ற மூடி அன்று. இரண்டு மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் சேர்ந்த முன்புறம் முழுவதும் ஒரே பகுதியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பழைய ஹெரால்டைப் புதுப்பிப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும் வேலை, இந்த முன்புறத்தைக் கதவுகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவதுதான். இந்தச் சிரமத்தின் வேர் 1950களில் நடந்த ஒரு வணிகப் போட்டியில் இருக்கிறது.

பின்னணி

ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் பாடிகளைச் செய்து கொடுத்துவந்த நிறுவனம் பிஷர் அண்ட் லட்லோ. 1953இல் அதைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு பாடியை அழுத்தி வார்த்துத் தர, ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குத் தகுந்த ஆலை கிடைக்கவில்லை. அக்காலத்தில் சேஸிஸும் பாடியும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கார்களே பெருகிவந்தன. அவற்றைச் செய்யப் பெரிய அச்சு இயந்திரங்கள் தேவை.

தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார். தனிச் சேஸிஸ் ஒன்றை அமைத்து, பாடியைப் பல துண்டுகளாகப் பிரித்து, அவற்றைப் போல்ட் போட்டு இணைப்பது அவருடைய திட்டம். துண்டுகளை வெவ்வேறு ஊர்களில் உள்ள சிறிய ஆலைகளில் செய்துகொள்ளலாம். காரின் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியின் டியூரின் நகரைச் சேர்ந்த ஜொவானி மிக்கெலோட்டி.

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஹெரால்டு அறிமுகமானது. தனித்தனிப் பகுதிகளைப் பார்வையாளர் கண்முன் மேடையிலேயே சில நிமிடங்களில் ஒன்றுசேர்த்துக் காட்டினார்கள். ஆனால் சேர்ப்பது வேறு, சரியாகப் பொருந்துவது வேறு. ஒவ்வொரு துண்டிலும் உள்ள சிறு அளவுப் பிழை அடுத்த துண்டின் பிழையோடு கூடும். எல்லாப் பிழைகளும் கடைசியில் பானட்டுக்கும் கதவுக்கும் இடையிலான கோட்டில் வந்து நிற்கும். தொடக்ககால ஹெரால்டுகளில் தகடுகள் சீராகப் பொருந்தவில்லை, மழைநீர் கசிகிறது என்ற குறைகள் எழுந்தன.

பொருத்தும் முறை

முன்புறத்தைச் சரிசெய்யும் வேலை முன்புறத்தில் தொடங்குவதில்லை.

முதலில் சேஸிஸைப் பார்க்க வேண்டும். அதன் மூலைவிட்டங்களை அளந்தால் சட்டம் கோணியிருப்பது தெரிந்துவிடும். பாடியைத் தாங்கும் பக்கக் கைகளில் துரு ஏறியிருந்தால் அவற்றை முதலில் மாற்ற வேண்டும்.

அடுத்தது, என்ஜினுக்கும் பயணிகளுக்கும் இடையில் நிற்கும் தடுப்புப் பகுதி. கதவுகளின் கீல்கள் இதில்தான் பதிந்துள்ளன. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே வைக்கப்படும் ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இதன் உயரமும் சாய்வும் சரிசெய்யப்படுகின்றன. காரைப் பிரிக்கும்போதே எந்த இடத்தில் எத்தனை ஷிம் இருந்தது என்று குறித்துக்கொள்வது நல்லது. அவை உதிரித் துண்டுகள் அல்ல. ஆலைத் தொழிலாளி அந்த ஒரு காருக்காகக் கண்டறிந்த அளவுகள்.

மூன்றாவதாகக் கதவுகள். பின்பக்கத் தகட்டோடு கதவின் விளிம்பு ஒத்துப்போகும்வரை கீல்களைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே பானட்டின் முறை வருகிறது. முன்முனையில் உள்ள கீல்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பானட்டை நகர்த்தி இடைவெளியைச் சமப்படுத்துவார்கள். பின்விளிம்பைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் அதன் உயரத்தைத் தீர்மானிக்கும். இருபுறமும் உள்ள கொக்கிப் பூட்டுகள் ஒரே அளவு இறுகவில்லையென்றால் பானட் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இந்த வரிசையை மாற்றி, பானட்டை முதலில் சரிசெய்து, மிஞ்சும் இடைவெளியைப் பட்டி போட்டு மறைப்பது அடிக்கடி நேரும் தவறு. பானட் கதவை உரசுவது பெரும்பாலும் பானட்டின் குற்றம் அன்று. கீழே சேஸிஸின் கைகள் துருப்பிடித்துத் தளர்ந்து, தடுப்புப் பகுதி இறங்கியிருக்கக்கூடும். கோடு கோணுவது ஓர் எச்சரிக்கை. அதை வண்ணம் பூசி மறைத்துவிட்டால், ஓட்டுபவர் பலவீனமான சட்டத்தின்மேல் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

சென்னையில் ஹெரால்டு

துண்டு துண்டான இந்த அமைப்பு, பெரிய அச்சு ஆலை இல்லாத நாடுகளுக்கு ஏற்றதாக இருந்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 948 சி.சி. என்ஜினோடு ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. உள்நாட்டு உதிரிபாகங்களின் பங்கு ஆண்டுதோறும் கூடியது. 1960களிலேயே இந்தியாவுக்கென நான்கு கதவு கொண்ட வகையும் உருவானது. 1972இல் ஹெரால்டின் அடிப்படையில் ‘கெஸல்’ வந்தது. அதில் பின்சக்கர அச்சு மாற்றப்பட்டிருந்தது.

பானட்டைத் திறந்துவிட்டால் என்ஜின் முழுவதும் வெளியே தெரியும். மெக்கானிக் முன் டயரின்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். அந்த வசதியும் இந்தச் சிரமமும் ஒரே அமைப்பிலிருந்து வந்தவை. ஒரு ஹெரால்டின் பானட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால், இரண்டும் ஒரே ஆலையில் பிறந்தவையாக இருந்தாலும், அது உடனே பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு காரும் யாரோ ஒருவர் கையால் தனித்தனியாக வரிசைப்படுத்தியது. புதுப்பிப்பவர் அந்த வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது.